சோழியும் தொலைகாட்டியும்: யாழ்ப்பாணக் கல்வியில் மாணவர் பங்கேற்பு குறித்த ஒரு மறுவாசிப்பு

வட்டுக்கோட்டைச் செமினரியைப் பற்றி எழுதுவோர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற்றைத் தொடாமல் போவதில்லை. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த அவர், 1850இல் வெளியிட்ட ‘இலங்கையில் கிறிஸ்தவம்’ என்ற நூலில், அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய இந்தச் செமினரியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு நிகராக வைத்தார். மனப்பாடத்தில் ஊறிக் கிடந்த தமிழ் மாணவரை மேலை விஞ்ஞானமும் அதன் கருவிகளும் தட்டி எழுப்பின என்பதே அவர் எழுத்தின் அடியோட்டம். பின்வந்தோர் பலர் பாராட்டை எடுத்துக்கொண்டபோது இந்த விளக்கத்தையும் சோதிக்காமல் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். ‘ஸ்மார்ட் போர்ட்’ வந்துவிட்டால் பிள்ளைகள் வாய் திறப்பார்கள் என்று இன்று சொல்லப்படுவதும் இதே வாதத்தின் வழித்தோன்றல்தான். எனவே அதைச் சற்று விரிவாகவே மறுக்கவேண்டியிருக்கிறது.

இந்த வாசிப்புக்கு மிகவும் கைகொடுப்பது 1829 மார்ச் மாதச் சந்திர கிரகண நிகழ்ச்சி. பஞ்சாங்க கணிதரான விசுவநாத சாஸ்திரியார் குறித்த நேரத்துக்கும் செமினரி அதிபர் டானியல் பூர் மேலை முறைப்படி கணித்த நேரத்துக்கும் தொடக்கத்திலேயே ஏறத்தாழக் கால் மணி வேறுபாடு இருந்தது. கிரகணத்தின் அளவிலும் இருவரும் உடன்படவில்லை. பூரின் கணக்கே சரியாயிற்று. விஞ்ஞானம் வென்றது, மாணவர் விழித்தனர் என்று கதை முடிக்கப்படுகிறது. நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மிஷன் தரப்புப் பதிவுகள் என்பது ஒருபுறமிருக்கட்டும். அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அன்றிரவு வாதிட்டவர்கள் இருவரே. மாணவர்கள் வேடிக்கை பார்த்தவர்கள். பஞ்சாங்கத்தின் சொல்லுக்குப் பதிலாக அதிபரின் சொல்லை நம்பத் தொடங்கியது பெரிய மாற்றமாக இருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்தவன் தானே கணிக்கத் தொடங்கினான் என்பதற்கு அது சான்றாகாது.

டெனன்ற்றின் வாசிப்பில் மறுபாதி, பழைய முறையில் மாணவர் செயலற்றிருந்தார் என்பது. இதற்கு எதிரான ஒரு பதிவை இங்கே நிதானித்துப் பார்க்கவேண்டும். பூரின் கிரகணத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1825இல், ஜோன் வாரன் ‘கால சங்கலித’ என்ற நூலைச் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியைச் சேர்ந்த தமிழ்ப் பஞ்சாங்க கணிதர் ஒருவர் 1825 மே 31–ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்ததை அவர் விவரிக்கிறார். அக்கணிதர் கையில் ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களைச் சொற்களாக்கி மனனம் செய்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே சோழிகளை இடம் மாற்றுகிறார். சந்திரனின் நிலைக்கு 248 நாட் சுற்றில் நாளுக்கொன்றாக 248 வாக்கியங்கள் உண்டு என்பது வாக்கிய மரபை அறிந்தோர்க்குப் புதிதல்ல. கிடைத்த விடையில் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை. ஓட்டோ நொய்கெபாவர் 1952இல் தமிழ் வானியல் பற்றி எழுதிய கட்டுரைக்கு இந்தப் பதிவே மூலம்.

இதைச் செயலற்ற மனப்பாடம் என்று ஒதுக்க முடியாது. கை, நா, நினைவு மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆனால் இச்சான்று எனக்கும் முழுமையாகத் துணைவரவில்லை. தாம் பயன்படுத்திய விதிகளின் காரணம் அக்கணிதருக்குத் தெரியாது என்பதையும் வாரனே சொல்லிவிடுகிறார். ஆக, பழைய முறையில் செய்கை இருந்தது. ‘ஏன்’ என்ற கேள்வி இல்லை. செமினரியில் ‘ஏன்’ என்பதற்கு விடை இருந்தது. 1829 நிலவரப்படி செய்கை ஆசிரியரிடமே நின்றது. பங்கேற்பு என்று நாம் சொல்வது இவை இரண்டும் மாணவனிடம் கூடும் இடம்.

பழைய முறையில் செய்கை இருந்தது என்பது திண்ணைப் பள்ளியின் மணலுக்கும் பொருந்தும். எழும்பூர் ஆண் அநாதை விடுதியில் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல், சென்னைத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797இல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘சென்னை முறை’ என்றே பரவியது. சட்டாம்பிள்ளையைக் கண்டு வளர்ந்த நமக்கு அதில் வியப்பில்லை. மேற்கே போன அந்த முறையைத் தமிழ்ப் பிள்ளைகளின் செயலின்மைக்குச் சான்றாகக் காட்டுவது எப்படி?

அப்படியானால் திருப்பம் எப்போது? 1829ஐவிட 1848 எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பூருக்குப் பின் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன், அந்த ஆண்டில் தமிழ் வானியல் மூலத்தை மொழிபெயர்ப்போடும் விளக்கக் குறிப்புகளோடும் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். மாணவன் வீட்டில் கேட்ட கணக்கும் வகுப்பில் கேட்ட காரணமும் ஒரே நூலுக்குள் வந்தன. 1855இல் செமினரி மூடப்பட்டது. அதே ஆண்டில் அதன் மாணவர் கரோல் விசுவநாதபிள்ளையின் ‘வீசகணிதம்’ தமிழில் வந்தது. ஆங்கிலத்தில் கற்றதைத் தன் மொழியில் திருப்பிச் சொல்லக்கூடியவன் வெறுமனே கேட்டவனாக இருக்க முடியாது.

மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் நடத்திய மருத்துவ வகுப்பு இன்னும் வலுவான சான்று. தமிழுக்கு அவர் மாறிய ஆண்டாக 1864 வழக்கமாகச் சொல்லப்படும். அது ஒரே ஆண்டில் நிகழ்ந்த மாற்றமாகத் தெரியவில்லை. ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய தமிழ் நூல்களின் ஆக்கத்தில் அவரிடம் பயின்றவர்களே கைகொடுத்தனர். பாடநூலை வாசித்தவர் பாடநூலை ஆக்குபவரானார். ஆகவே ஒரே ஆண்டைத் திருப்பமாகக் குறிக்காமல், 1848க்கும் 1870களுக்கும் இடைப்பட்ட காலம் என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை.

அதன் பின் கதை நேர்கோட்டில் செல்லவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலத்தில் 1974இல் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் எழுந்தது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வளாகத்தின் விஞ்ஞான வகுப்புகள் முதலில் நடந்தது வட்டுக்கோட்டையில், பழைய செமினரியின் வாரிசான யாழ்ப்பாணக் கல்லூரியில் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இதே குடாநாட்டில்தான் டியூட்டரிகளும் பெருகின. நூற்றுக்கணக்கானோர் வாங்கில் நெருங்கியிருக்க, ஆசிரியர் மைக்கில் சொல்வதை வரிவிடாமல் கொப்பியில் இறக்குவதே அங்கே படிப்பு. ஒலிபெருக்கியும் தொழினுட்பந்தான். அது ஆசிரியரின் குரலை மட்டுமே பெருக்கியது.

2020இல் கொவிட் முடக்கத்தின்போது இலங்கைப் பல்கலைக்கழகங்களின் விரிவுரைகள் ‘லேர்ன்’ வலையமைப்பின் வழி சூமுக்குப் போயின. கமராவை மூடி, மைக்கை அமர்த்தி, பெயர்ப்பட்டியலில் மட்டும் இருந்த மாணவர்களை அன்று விரிவுரை செய்த எவரும் அறிவர். அதே இணையவழியில், தாமே திரட்டிய தரவைக் கணினியில் இட்டுச் சோதித்து, வந்த விடையை வகுப்பின் முன் நியாயப்படுத்தவேண்டிய மாணவன் வேறுவிதமாக நடந்துகொள்கிறான். இரண்டிலும் கருவி ஒன்றே.

டெனன்ற் பாராட்டிய செமினரி பாராட்டுக்கு உரியதுதான். அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. கல்வித் தொழினுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் கருவி எந்த ஆண்டில் வந்திறங்கியது என்பதோடு நின்றுவிடக்கூடாது. அதை இயக்கியது யார் கை, கணக்குப் பிழைத்தபோது பதில் சொல்லவேண்டியிருந்தவர் யார் என்ற இரண்டையும் கேட்கவேண்டும். இந்த அளவுகோலில் 1829 ஆசிரியரின் வெற்றி மட்டுமே. மாணவரின் வரலாறு அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே தொடங்குகிறது.