கல்யாண ஆல்பமும் கேன்வெராவும்

படங்களை கம்ப்யூட்டர்ல அடுக்கி அச்சுப் புத்தகமா ஆர்டர் பண்ற வசதி 2002-ல் வந்த ஆப்பிள் ஐபோட்டோவிலேயே இருந்தது. 2005-ல் எய்லீன் கிட்டின்ஸ் அமெரிக்காவில் தொடங்கிய பிளர்ப், அதையே தனித் தொழிலாக்கியது. அங்கே படம் எடுத்தவரே புத்தகமும் செய்துகொள்வார்.

இங்கே கதை வேற. 2007-ல் பெங்களூரில் தீரஜ் கக்கரும் பீயூஷ் ராயும் ஆரம்பிச்ச கேன்வெரா, கல்யாண போட்டோகிராபரைத்தான் பிடித்தது. சரியான கணக்குன்னு நினைக்கிறேன். அம்பகரத்தூரோ சென்னையோ, கல்யாண ஆல்பம் ஸ்டுடியோக்காரர் கையில்தானே இருந்தது? முன்னாடி கறுப்பு அட்டை, நடுவுல பட்டர் பேப்பர். பிறகு கரிஷ்மா ஆல்பம். இப்போ அவர் டிசைனை இணையத்தில் அனுப்பினால், புத்தகம் பைண்ட் ஆகி அவருக்கே வந்துவிடும். சின்ன ஊர் ஸ்டுடியோ மெஷின் வாங்க வேண்டாம். நௌக்ரி தளத்தை நடத்தும் இன்ஃபோ எட்ஜும் இதில் பணம் போட்டது.

ஆனா ஒண்ணு போச்சு. காரைக்கால் பக்கம் பல வீட்டுக்கு பிரான்ஸ்ல சொந்தம் உண்டு. பழைய ஆல்பத்துல ஒரு படத்தை உருவி பாரிஸ் சித்தப்பாவுக்கு அனுப்பலாம். தாத்தா தவறினா, அதிலிருந்தே எடுத்து ஃபிரேம் போடலாம். பக்கத்தோட அச்சான படத்தை உருவ முடியாது. விட்டுப்போன பெரியம்மாவைப் பின்னாடி செருகவும் இடமில்லை.