தொலைபேசிக்கு ஒரு சின்னப் பூட்டு



போன வாரம் கோட்டக்குப்பத்தில் என் வீட்டுக்கு ஒரு பழைய மாணவர் வந்திருந்தார். சென்னையில் ஒரு கம்பெனியின் தொலைபேசி அமைப்பைப் பார்த்துக்கொள்கிறார். "எந்த மேசையிலிருந்து எதுவரை பேசலாம்னு பிரிச்சு வைக்கிறதுதான் சார் என் வேலை" என்றார். எனக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

முன்பெல்லாம் வெளியூர் பேச ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்போம். ஆபரேட்டர் இணைப்பார், அழைப்புக்குக் கணக்கும் இருக்கும். 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நாட்டின் முதல் எஸ்.டி.டி. வந்தது. பிறகு மெல்ல மெல்ல மற்ற ஊர்களுக்கும் பரவியது. நாமே எண்ணைச் சுழற்றலாம். ஆனால் பழைய எக்ஸ்சேஞ்சில் மீட்டர் மட்டுமே ஓடும். தூரம் கூடக் கூட வேகமாக ஓடும். பில்லில் மொத்த எண்ணிக்கை இருக்கும். பேசியது யார் என்று இருக்காது.

அதனால்தான் அலுவலகங்களில் டயல் ஓட்டையில் சின்னப் பூட்டு தொங்கியது. அதையும் ஏமாற்றினார்கள். ரிசீவர் வைக்கும் கட்டையை மூன்று முறை வேகமாகத் தட்டினால் எக்ஸ்சேஞ்சுக்கு அது 3. பத்து முறை தட்டினால் பூஜ்யம். அமெரிக்காவில் ஜான் டிரேப்பர் என்பவர் தின்பண்டப் பெட்டியில் இலவசமாக வந்த விசிலின் 2600 ஹெர்ட்ஸ் ஓசையை வைத்தே தொலைதூர லைனை ஏமாற்றினார்.

1990-களின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியிலும் அந்தப் பூட்டு இருந்தது. ஒருமுறை பில் மூன்று மடங்கு வந்தது. இரவுக் காவலரின் மகன் துபாயில் இருந்தான். எல்லோர் கண்ணும் அவர் மேல். "நான் தொடவே இல்லைங்கய்யா" என்று அழுதார். சம்பளத்தில் பிடித்தார்கள். அவமானம் தாங்காமல் வேலையை விட்டுப் போய்விட்டார். சில மாதங்கள் கழித்துத்தான் உண்மை வெளியே வந்தது. பேசியவர் எங்களோடு இருந்த ஓர் ஆசிரியர். அவர் கட்டையைத் தட்டுவதை நான் ஒருநாள் பார்த்திருந்தேன். சக ஆசிரியர் என்று வாயை மூடிக்கொண்டேன். காவலரின் பணத்தை வீடு தேடிப் போய்க் கொடுத்தோம். அவர் திரும்பி வேலைக்கு வரவில்லை.

மின்னணு எக்ஸ்சேஞ்ச் வந்தபின் ரகசிய எண் போட்டுப் பூட்டும் வசதி வந்தது. உள்ளூர் மட்டும், எஸ்.டி.டி. வரை, ஐ.எஸ்.டி. வரை என்று படிப்படியாகத் திறக்கலாம். இன்றைய அலுவலகத் தொலைபேசியிலும் இதே முறைதான். ஆனால் திருடன் இப்போது உள்ளே வரவேண்டியதில்லை. 1234 என்று மாற்றாமல் விட்ட ரகசிய எண்ணைக் கண்டுபிடித்து, விடுமுறை நாளில் வெளியிலிருந்தே நுழைந்து, அதிகக் கட்டணமுள்ள வெளிநாட்டு எண்களுக்கு மணிக்கணக்கில் அழைப்பான். அந்தக் கட்டணத்தில் அவனுக்கும் பங்கு உண்டு.

ஆகவே, தொழில் நடத்தும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாடு பேசும் அனுமதி தேவைப்படுபவருக்கு மட்டும் இருக்கட்டும். வரவேற்பறைத் தொலைபேசிக்கு வேண்டாம். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றே அவர் எண்ணை நீக்குங்கள். இரவிலும் விடுமுறையிலும் வெளி அழைப்பை அடைத்து வையுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி ரகசிய எண் கொடுங்கள்.

பணம் மிச்சமாவது ஒரு பக்கம். அன்றைக்கு இப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால், அந்தக் காவலர் யாரிடமும் அழுதிருக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்