பாகூர் செப்பேட்டில் இரண்டு மொழிகள்

பாகூர் என்றால் இன்று ஏரியும் நெல் வயலும்தான் நினைவுக்கு வரும். பல்லவர் காலத்தில் அங்கே ஒரு வித்யாஸ்தானம், அதாவது வேதமும் சாத்திரங்களும் கற்பிக்கும் கல்லூரி, இருந்தது. கி.பி. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிருபதுங்கவர்மன் தன் 8ஆம் ஆட்சியாண்டில் அதற்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்தான். 1879ல் பாகூரில் கிடைத்த ஐந்து செப்பேடுகள் சொல்லும் செய்தி இது.

ஒரே பட்டயம், இரண்டு மொழி! முதலில் கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுள். பிரம்மாவில் தொடங்கி பல்லவர் குலப்பெருமை வரிசையாக வருகிறது. அடுத்து தமிழ் உரைநடை. கொடுத்த நிலம், அதன் எல்லை, வரிவிலக்கு எல்லாம் இதில்தான்.

வடமொழி கௌரவத்துக்கு, தமிழ் ஊராருக்கு என்று இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அது சரிதான், ஆனால் பாதி விடை. வடமொழி அங்கே வயற்காட்டில் பேசிய மொழியல்ல, படித்துப் பெற்ற மொழி. அதில் எழுதியவர்கள் தமிழை வாசலில் விட்டுவிட்டு வரவில்லை. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற பெயர்கள் வடமொழிப் பகுதியிலும் தமிழாகவே நிற்கின்றன. மொழிபெயர்த்த ஊரை யார் போய்க் கண்டுபிடிப்பது? எல்லையில் குழப்பம் வந்தால் கல்லூரியின் சோறு போய்விடும். கிரந்தத்தில் தமிழ்ப் பெயர் எழுதும்போது ற, ழ போன்றவற்றுக்குத் தமிழ் எழுத்தையே பல்லவர் கால எழுத்தர்கள் கடன் வாங்கினார்கள். (இன்று இங்கிலீஷ் கட்டுரையில் ஒரு தமிழ் வார்த்தை வந்தால் மார்க் போகிறது, அது வேறு கதை.)

கடன் எதிர்ப்பக்கமும் போனது. தமிழில் மன்னன் பெயருக்கு முன் வரும் 'கோவிசைய' என்பதைப் பாருங்கள். கோ தமிழ், விசைய என்பது 'விஜய' தமிழ் உடுத்தி வந்தது.

10ஆம் நூற்றாண்டில் ஆள்பவர் மாறினார்கள். கன்னட நாட்டிலிருந்து படையெடுத்து வந்த ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகள் பாகூர் மூலநாதர் கோயிலில் இருக்கின்றன. அவை கன்னடத்தில் இல்லை, தமிழில்தான். கிருஷ்ணன் என்ற பெயரும் அங்கே 'கன்னரதேவன்' ஆகிவிட்டது.