இரவல் அப்பா: ‘காதலிக்க நேரமில்லை’யை பொம்மனஹள்ளியிலிருந்து வாசித்தல்

கையில் காசில்லாத ஒருவர் பணக்காரராக நடிக்கும் நகைச்சுவைப் படங்களில், அந்தப் பொய்யை ஊர் எதை வைத்து நம்புகிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பெருமந்தக் காலத்து ஹாலிவுட் இந்த வகையை ‘ஸ்க்ரூபால் காமெடி’ என்ற பெயரில் வளர்த்தெடுத்தது. 1937இல் வந்த ‘ஈஸி லிவிங்’கில், மாடியிலிருந்து வீசப்பட்ட விலையுயர்ந்த ரோமக் கோட்டு பேருந்தில் போகும் ஓர் ஏழைப் பெண்ணின் மேல் விழுகிறது. அதற்குப் பிறகு ஊர் அவளை நடத்தும் விதமே மாறிவிடுகிறது. 1939இல் வந்த ‘மிட்நைட்’டில், உடுத்திய மாலை நேர ஆடையைத் தவிர வேறெதுவும் இல்லாமல் பாரிஸில் வந்திறங்கும் பெண், அடகுக்கடைச் சீட்டை அழைப்பிதழாக நீட்டிச் சீமான்களின் விருந்துக்குள் நுழைந்துவிடுகிறாள். இரண்டுமே மிட்செல் லைசன் இயக்கியவை. இரண்டிலும் பொய்க்குச் சாட்சி ஒரு துணி. அந்தப் பெண் எந்த வீட்டுப் பிள்ளை என்று ஒருவரும் விசாரிப்பதில்லை.

தமிழில் இது செல்லாது. சி. வி. ஸ்ரீதர் இயக்கி 1964 பிப்ரவரியில் வெளியான ‘காதலிக்க நேரமில்லை’யில், ஏழை இளைஞன் பணக்காரனாக நடிப்பதற்கு ஆடையோ காரோ போதவில்லை. ஓர் அப்பாவை அவன் உண்டாக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாடுதான் படத்தின் அச்சாணி என்பது என் வாதம். தமிழ் நகைச்சுவையில் செல்வம் என்பது ஒருவன் வைத்திருக்கும் பொருளாக வருவதில்லை; அவன் யாருக்கு மகன் என்பதற்கு இன்னொரு தகப்பன் கொடுக்கும் மதிப்பாகவே வருகிறது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதன் வரிசை முக்கியம். சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனிடம் (டி. எஸ். பாலையா) வேலை பார்க்கும் அசோக் (ரவிச்சந்திரன்), முதலாளியின் மகள்களோடு ஏற்பட்ட உரசலால் வேலையை இழக்கிறான். பங்களாவுக்கு எதிரே கூடாரம் அடித்து, முதலாளியின் பெயரைச் சொல்லியே வேலையைத் திரும்பக் கேட்டு ஆட்டமும் பாட்டுமாகப் போராடுகிறான். ஆழியாற்றில் எடுக்கப்பட்ட அந்தப் பாட்டின் துள்ளலில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. அது ஒரு தொழில் தகராறு. பணிநீக்கம் செய்யப்பட்ட ஒருவன் முதலாளியின் வாசலில் உட்கார்ந்து வேலை கேட்கிறான். முதலாளி இறங்கி வரவில்லை. பிறகு அசோக், தான் பெரும் பணக்காரர் சிதம்பரத்தின் ஒரே மகன் என்று சொல்கிறான். கதவு திறக்கிறது. அந்த நொடியிலிருந்து படம் முடியும்வரை அந்தப் பழைய வேலையைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. கோரிக்கை தீர்த்துவைக்கப்படவும் இல்லை, மறுக்கப்படவும் இல்லை. கேட்டவன் மாப்பிள்ளையாகிவிட்டான், அவ்வளவுதான்.

இந்த மறைவை எனக்குக் காட்டிக்கொடுத்தது பொம்மனஹள்ளி. ஓசூர் சாலையில், சில்க் போர்டு சந்திப்புக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையே கிடக்கும் இந்தப் பகுதி 2007இல் பெங்களூரு மாநகராட்சியோடு சேர்ந்தது. தலைக்கு மேலே 2010இல் திறந்த மேம்பாலச் சாலை மென்பொருள் நிறுவனங்களுக்குப் போகிறவர்களைச் சுமந்து செல்கிறது. கீழே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் ஷிப்டு முடிந்து பெண்கள் சாரிசாரியாக நடக்கிறார்கள். அவர்களில் கன்னடம் பேசுகிறவர்களோடு தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்களும் கலந்திருக்கிறார்கள். 2016 ஏப்ரல் 18 அன்று, வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று வந்த விதியை எதிர்த்து, இங்குள்ள ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஓசூர் சாலையில் இறங்கி உட்கார்ந்தார்கள். மறுநாள் போராட்டம் நகரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அன்று மாலையே மத்திய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. தாங்கள் யாருடைய மகள் என்று அவர்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டமாகக் கேட்டார்கள், கேட்டதாலேயே கிடைத்தது. அந்தச் சாலையை அறிந்தவர் அசோக்கின் கூடாரத்தை வெறும் பாட்டுக்கான அரங்காகப் பார்க்க மாட்டார். தனி ஒருவனின் கோரிக்கை தோற்றுப்போன இடத்தில் பொய் தொடங்குகிறது என்பது அவருக்கு உடனே பிடிபடும்.

படத்தின் மறுபாதி இன்னும் செறிவானது. விஸ்வநாதனின் மகன் செல்லப்பா (நாகேஷ்) ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ என்று படக் கம்பெனி தொடங்கியிருக்கிறான். கதாநாயகியாக மீனாட்சியைப் (சச்சு) பிடித்துவிட்டான். பணம் மட்டும் இல்லை. எஸ்டேட் முதலாளியின் மகன் பணமில்லாத தயாரிப்பாளராகத் திரிவதை உதிரி நகைச்சுவை என்று விமர்சகர்கள் ஒதுக்குவது வழக்கம். சித்ராலயா கோபுவின் எழுத்துக்கு இது நியாயம் செய்வதில்லை. செல்லப்பா அப்பாவை உட்காரவைத்துப் பேய்க்கதை சொல்லும் காட்சியை நிதானமாகப் பாருங்கள். கதவு கிறீச்சிடுவதையும் காலடி நெருங்குவதையும் நாகேஷ் வாயாலேயே உண்டாக்குகிறார். பாலையா அதிகம் பேசுவதில்லை. முகம் இறுகுகிறது, கண் விரிகிறது, உடம்பு நாற்காலியில் ஒடுங்குகிறது. கதை சொல்பவனைவிடக் கேட்பவர்தான் அங்கே நடிக்கிறார். ஆனால் இத்தனை நடுங்கியும் அவர் பணத்தை எடுப்பதில்லை.

ஆக, ஒரே வீட்டில் ஒரே மனிதரிடம் இரண்டு இளைஞர்கள் கதை சொல்கிறார்கள், இருவருக்கும் அவர் பணத்தின் மேல்தான் கண். சொந்த மகன் சொல்வது கற்பனை என்று தெரிந்தே கேட்கும் கதை; உடலை உலுக்குகிறது, கைப்பையைத் திறப்பதில்லை. அந்நியன் சொல்வது அப்பட்டமான பொய், பெட்டியையே திறந்துவிடுகிறது. இரண்டாவதில் ஒரு பணக்காரத் தகப்பன் கதாபாத்திரமாக இருப்பதுதான் வேறுபாடு. இன்னொன்றையும் படம் இங்கே சொல்லிவிடுகிறது: அந்த வீட்டில் தகப்பனைத் தவிர யாரிடமும் பணம் கிடையாது. செல்லப்பாவுக்கும் அசோக்குக்கும் சட்டைப்பை ஒன்றுதான். அவர்களைப் பிரிப்பது பிறந்த இடம் மட்டுமே, அதையும் ஒருவன் வாய்ச்சொல்லால் இட்டு நிரப்பிவிடுகிறான்.

இதற்கு ஒரு தேர்ந்த மறுப்பு உண்டு. காதலுக்குத் தடையாக நிற்கும் தகப்பன் பழைய ரோமானிய நாடகத்திலிருந்தே வருகிறவர். நார்த்ராப் ஃப்ரை 1957இல் எழுதிய ‘அனாடமி ஆஃப் கிரிட்டிசிசம்’ நூலில் நகைச்சுவையின் அடிப்படை வடிவமாகவே அதை விளக்கினார். எனவே இதில் தமிழுக்குரியது என்ன என்று கேட்கலாம். ஸ்டான்லி கேவல் 1981இல் எழுதிய ‘பர்சூட்ஸ் ஆஃப் ஹேப்பினஸ்’ நூலும் துணைக்கு வரும். ஹாலிவுட் நகைச்சுவைகளில் நாயகிக்குத் தாய் இல்லாமலே போவதை அவர் எடுத்துக்காட்டினார். விஸ்வநாதன் வீட்டிலும் தாய் இல்லை. ஒற்றுமைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃப்ரை விளக்கும் தகப்பன் தடை மட்டுமே. அவரை ஏமாற்றியோ மீறியோ போனால் வழி திறந்துவிடும். ‘காதலிக்க நேரமில்லை’யில் தடையாக நிற்பவரும் தகப்பன், அதைத் தாண்டக் கொடுக்கப்படும் நாணயமும் தகப்பன். அசோக் அப்பா முறையை எதிர்ப்பதில்லை. அதற்குள்ளேயே ஒரு கள்ள நாணயத்தை அடித்து விடுகிறான். இந்த இரட்டை நிலையை ஃப்ரையின் வரைபடத்தில் என்னால் பொருத்த முடியவில்லை.

அந்தக் கள்ள நாணயம் வாசு (முத்துராமன்). நண்பனுக்காக நரைத்த தலையோடு சிதம்பரமாக வந்து இறங்குகிறவன், தான் சென்னையில் காதலித்த காஞ்சனாவே விஸ்வநாதனின் மூத்த மகள் என்று அங்கேதான் அறிகிறான். காதலியின் வீட்டில் அவளுக்குத் தகப்பன் வயதில் உட்கார வேண்டிய நிலை. இந்தச் சிக்கலில் படம் மிகத் துணிச்சலான இடத்துக்குப் போகிறது. கிழவராக நடிக்கும் இளைஞனின் முன்னால் உண்மைக் கிழவர் குழைகிறார். 1936இல் ‘சதி லீலாவதி’யில் வில்லனாக அறிமுகமான பாலையா, அதட்டலிலிருந்து குழைவுக்கு ஒரே மூச்சில் குரலை இறக்கும் வித்தையை அத்தனை ஆண்டுகளாகத் தீட்டி வைத்திருந்தார். ‘அசோகர்’ என்று அவர் மரியாதை கூட்டும்போது, நேற்று வெளியே துரத்தப்பட்டவனும் இன்று உள்ளே அழைக்கப்படுபவனும் ஒருவனே என்பது அந்த ஒரு விகுதியில் நமக்கு உறைக்கிறது.

ஆனால் படம் ஓர் இடத்தில் பின்வாங்குகிறது. வாசு உண்மையிலேயே வசதியான வீட்டுப் பிள்ளை. அவனுடைய அசல் தகப்பன் சதாசிவம் (வி. எஸ். ராகவன்) கதைக்குள் வந்துசேரும்போது போலித் தகப்பனைக் கேள்வி கேட்க ஓர் அசல் தகப்பன் கிடைத்துவிடுகிறார். இரண்டு மாப்பிள்ளைகளும் ஏழைகளாக இருந்திருந்தால் விஸ்வநாதன் என்ன செய்திருப்பார்? ஸ்ரீதர் அந்தச் சோதனைக்குத் தன் பாத்திரத்தை உட்படுத்தவில்லை. படத்தை எவ்வளவு நேசித்தாலும் இந்தக் குறையை மறைத்து எழுத என்னால் முடியாது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1967இல், கே. பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து எடுத்தது. பாலையா, முத்துராமன், நாகேஷ், காஞ்சனா, ராஜஸ்ரீ என்று அதே முகங்கள். இங்கே பாலையா மூன்று மகன்களும் மருமகள்களும் கொண்ட நடுத்தரக் குடும்பத்தின் தலைவர். பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் நடிகை பாமாவை (ராஜஸ்ரீ) அசத்துவதற்காக மருமகள்கள் போட்டிபோட்டுக் கடனில் பொருள் வாங்கிக் குவிக்கிறார்கள். இந்தப் படத்தில்தான் தமிழ் நகைச்சுவை ஹாலிவுட்டின் ரோமக் கோட்டுக்கு மிக அருகில் வருகிறது. பகட்டுக்குச் சாட்சி இப்போது பொருள்கள். ஆனால் அந்தப் பகட்டுக்கு எந்தக் கதவும் திறப்பதில்லை, கடன்காரர்களுக்குத்தான் கதவு திறக்கிறது. பொருளை வைத்துச் சொல்லும் பொய்யை உள்ளூர்க் கதை தண்டிக்கிறது, தண்டிப்பவரும் மாமனாரே. தகப்பனை வைத்துச் சொல்லும் பொய்யையோ அது மன்னித்துக் கல்யாணத்தில் முடிக்கிறது. முதல் பொய்யைச் சொன்னவர்கள் பெண்கள், இரண்டாவதைச் சொன்னவர்கள் ஆண்கள் என்பதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை.

இந்த வழிமரபு ‘காதலிக்க நேரமில்லை’க்கு முன்பும் உண்டு. கன்னட நாட்டில் பிறந்த பி. ஆர். பந்துலு 1958இல் இயக்கிய ‘சபாஷ் மீனா’வில், பணக்கார மோகனுக்குப் (சிவாஜி கணேசன்) பதிலாக அவன் நண்பன் சேகர் (சந்திரபாபு) அவன் பெயரிலேயே அப்பாதுரை வீட்டுக்குப் போகிறான். அங்கே அப்பா இரவல்தான், ஆனாலும் நிஜமானவர். ஸ்ரீதர் செய்த முன்னேற்றம் தகப்பனையே புனைந்தது. ‘காதலிக்க நேரமில்லை’ தெலுங்கிலும் இந்தியிலும் மராத்தியிலும் தடையின்றிப் பெயர்ந்தது, 1979இல் சி. வி. ராஜேந்திரன் இயக்கத்தில் ஸ்ரீநாத், சங்கர் நாக், துவாரகீஷ் நடிக்க ‘ப்ரீதி மாடு தமாஷெ நோடு’ என்று கன்னடத்துக்கும் வந்தது. இத்தனை எளிதாக அது எல்லை தாண்டியதற்குச் சிரிப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது. சிதம்பரத்துக்கு அந்தந்த மொழியில் ஒரு பெயர் வைத்தால் போதும். சம்பந்தி என்ற நிறுவனம் எல்லா ஊரிலும் ஏற்கெனவே கட்டித் தயாராக நிற்கிறது. பொம்மனஹள்ளியின் கலப்புக் குடியிருப்புகளில் இந்தக் கதைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

1981இல் பாலசந்தரின் ‘தில்லு முல்லு’ வரும்போது அசோக்கின் கதை தலைகீழாகிவிட்டது. ‘கோல்மால்’ இந்திப் படத்தைத் தழுவிய இதில், ரஜினிகாந்தின் பாத்திரம் வேலையைப் பெறவும் பெற்ற வேலையைக் காப்பாற்றவுமே பொய் சொல்கிறது. முதலாளி (தேங்காய் சீனிவாசன்) அவனுடைய சான்றிதழோடு நிற்பதில்லை. அவன் அம்மாவையும் பார்க்க விரும்புகிறார். இல்லாத அம்மாவாக நடிக்க வருபவர் சௌகார் ஜானகி ஏற்ற வசதியான சீமாட்டி. பணமுள்ளவர் ஏழையின் தாயாகத் தன்னைக் குறைத்துக்கொள்கிறார். 1964இல் வேலைக் கோரிக்கையை விட்டுவிட்டுத் தகப்பனைத் தேடிப் போனான் ஒருவன். 1981இல் தாயைக் காட்டாமல் வேலையே நிலைக்காது என்றாகிவிட்டது. பங்களாவின் வாசலில் நின்ற கேள்வி இப்போது அலுவலகத்துக்குள் போய் முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.