ஜோடியா சென்னைக்கு 2 நாள் ட்ரிப்: எந்தக் கிழமை வரணும், எங்கே உட்காரலாம், ரூம் எடுக்க சட்டம் என்ன சொல்லுது?

சென்னையில் சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்கள் என்று போனில் தேடினால் 25, 50 என்று பட்டியல் கொட்டும். ஆனால் காலையில் வந்து மறுநாள் இரவு பஸ் ஏறப்போகும் இரண்டு பேருக்கு அதில் நாலைந்து இடத்துக்குத்தான் நேரம் இருக்கும். மிச்சமெல்லாம் டிராஃபிக்கில் போய்விடும்.

கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் புதுமணத் தம்பதி, வேலைக்காக ஆளுக்கொரு ஊரில் இருக்கும் கணவன் - மனைவி, கல்யாணத்துக்கு முன்னாடி மனசுவிட்டுப் பேச நினைக்கும் காதலர்கள்... இவங்க எல்லாருக்கும் தேவைப்படுவது கொஞ்சம் நிழல், உட்கார ஒரு இடம், யாரும் முறைத்துப் பார்க்காத ஒரு மணி நேரம். அந்தக் கணக்கில் தேர்ந்தெடுத்த இடங்கள்தான் இங்கே இருக்கு. கூடவே, பலரும் கேட்கத் தயங்கும் ரூம் விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதும்.

முதலில் கிழமையைப் பாருங்க

சென்னையில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வார விடுமுறை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. மெரினா கலங்கரை விளக்கத்துக்கு திங்கள். முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு செவ்வாய். இது தெரியாமல் வெள்ளி - சனி என்று கிளம்பி வந்து, மியூசியம் கேட்டில் நின்று செல்ஃபி மட்டும் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

மூன்றும் திறந்திருக்க வேண்டும், கூட்டமும் குறைவாக இருக்க வேண்டும் என்றால் புதன் - வியாழன்தான் சரி. லீவு கிடைக்காதவர்களுக்கு சனி - ஞாயிறு ஓகே. ஆனால் ஞாயிறு மாலை கடற்கரையில் தனியாகப் பேசலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

மாதம் என்று பார்த்தால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. மார்கழி கச்சேரி சீசன், அதில் சபா கேன்டீன் சாப்பாடு, ஜனவரியில் புத்தகக் காட்சி என்று பொழுதுபோக்கும் கூடுதலாகக் கிடைக்கும். மே மாதம் வருகிறவர்களுக்கு ஒரே அட்வைஸ்: காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை கூரைக்குக் கீழே இருங்க.

கிளாம்பாக்கத்தை மறக்காதீங்க

திருச்சி, மதுரை, நெல்லை பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இது முக்கியம். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்ட பஸ்கள் கோயம்பேடு வருவதில்லை. கிளாம்பாக்கத்திலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு சுமார் 30 கி.மீ. மாநகரப் பேருந்து பிடிக்கலாம், அல்லது வண்டலூர் ஸ்டேஷனுக்குப் போய் மின்சார ரயில் ஏறலாம். எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க. ரயிலில் எழும்பூர் வந்து இறங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்டேஷனை ஒட்டியே மெட்ரோ இருக்கிறது.

ஒரு சின்ன சந்தோஷம்: 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். ஜோடியாகப் போனால் ஒரு டிக்கெட்தான். "என் டிக்கெட்டையும் சேர்த்து நீயே எடுத்துடு" என்று சொல்ல ஆண்களுக்குத்தான் வழியில்லை.

முதல் நாள் காலை: மயிலாப்பூர்

காலை ஏழு மணிக்குள் கபாலீஸ்வரர் கோயில் பக்கம் போய்விடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பது ஒரு காரணம். காலையில் மாட வீதிகள் இருக்கும் அழகு இன்னொரு காரணம். பூக்கடை, வாழை இலைக் கட்டு, ஃபில்டர் காபி வாசனை எல்லாம் அந்த நேரத்தில்தான்.

இந்தத் தலத்தின் கதையே கணவன் - மனைவி கதை. சிவன் சொல்லிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் பார்வதி மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கோபத்தில் சாபம். மயில் உருவில் இங்கே புன்னை மரத்தடியில் சிவனை வழிபட்டு மீண்டும் சேர்ந்தார் என்கிறது தலபுராணம். பேசும்போது போனைப் பார்க்கும் பழக்கம் இருவரில் யாருக்கு என்ற பஞ்சாயத்தை அந்தப் புன்னை மரத்தடியிலேயே முடித்துக்கொள்ளலாம்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று அங்கே பக்கத்திலேயே இருக்கிறது. முண்டகக்கண்ணி அம்மன் கோயிலை ஒட்டிய தெருக்களில் திருவள்ளுவருக்கு ஒரு கோயில். வாசுகிக்கும் சந்நிதி உண்டு. சின்னக் கோயில்தான். ஆனால் காமத்துப்பால் எழுதியவரை மனைவியோடு சேர்த்து வணங்கும் இடம் என்றால், ஜோடியாக வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் சாந்தோம் பேராலயம். இயேசுவின் சீடர் புனித தோமாவின் கல்லறை மேல் எழுந்த ஆலயம் என்பது கிறிஸ்தவ மரபு. இப்போதுள்ள கட்டடம் 1890களில் கட்டப்பட்டது. கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வழி இருக்கிறது. சத்தமில்லாமல் உட்கார நகரில் இதுபோன்ற இடம் குறைவு. எந்த மதத்தவரும் போகலாம்.

மதியம்: எழும்பூர் மியூசியம்

வெயில் ஏறியதும் எல்லோரும் மாலுக்குப் போவார்கள். ஏசிக்காக என்றால் சரி. ஆனால் உங்க ஊர்ப் பக்கமும் இப்போது மால் வந்திருக்கும். 1851ல் தொடங்கிய இந்த மியூசியம் வேறெங்கும் இல்லை.

முழு வளாகத்தையும் பார்க்க ஆசைப்படாதீங்க, கால் கெஞ்சும். நேராக வெண்கலச் சிற்பக் கூடத்துக்குப் போங்கள். திருவாலங்காட்டு நடராஜர் இங்கேதான் இருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு, திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீஸ்வரரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலப் படைப்பு. வலப் பாதி சிவன், இடப் பாதி உமை. சிவன் பக்கம் இரண்டு கை, உமை பக்கம் ஒரே கை. ஒரு பக்கத் தோள் அகலம், மறுபக்கம் இடை வளைந்து ஒசிந்து நிற்கிறது. இரண்டு உடலை ஒட்டவைத்த மாதிரி எங்கேயும் தெரியாது. வலது கை காற்றில் எதையோ தாங்கி நிற்பதுபோல் இருக்கும். காளையின் தலைமேல் ஊன்றியிருந்த கை அது. காளைதான் இப்போது கூட இல்லை. பத்து நிமிடம் அவசரப்படாமல் நின்று பாருங்கள்.

மாலை: மெரினாவா, பெசன்ட் நகரா?

இந்தக் கேள்விக்கு என் ஓட்டு: காலைக்கு மெரினா, மாலைக்கு பெசன்ட் நகர்.

நம்ம கடல் கிழக்குக் கடல் என்பதால் சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குள் மறையும். ஜனவரியில் ஆறரை மணி வாக்கிலும், ஜூனில் ஐந்தே முக்காலுக்கும் உதயம். அந்த நேரத்து மெரினா வேறு ஊர் மாதிரி இருக்கும்: நடைப்பயிற்சிக்காரர்கள், மீனவர்கள், பெரிய மணல்வெளி. கலங்கரை விளக்கம் காலை 10 மணிக்குத்தான் திறக்கும். லிஃப்டில் மேலே போனால் முழுக் கடற்கரையும் தெரியும். காமராஜர் சாலையில் கண்ணகி சிலையைப் பார்க்கலாம். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது நிறுவி, 2001ல் அகற்றி, 2006ல் மீண்டும் வைத்த சிலை. கணவனுக்காக ஒரு நகரத்தையே கேள்வி கேட்டவள் முன்னால் நின்று ஜோடிகள் போட்டோ எடுப்பது தினமும் நடக்கிறது.

இருவரில் ஒருவர் சக்கர நாற்காலியில் வருகிறவர் என்றால் விவேகானந்தர் இல்லம் எதிரே போங்கள். மாற்றுத்திறனாளிகள் கடல் அருகே வரை செல்ல மரப்பாதை இருக்கிறது.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: மெரினாவில் குளிக்காதீர்கள். அடிநீரோட்டம் ஆளை இழுத்துவிடும். போலீஸ் தடை சும்மா போட்டதில்லை.

மாலையில் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச். மெரினாவைவிடச் சின்னது, மணலில் நடக்கும் தூரமும் குறைவு. வெள்ளையாக ஒரு வளைவு மண்டபம் தெரியும். 1930 டிசம்பரில் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவகம் அது. பல படங்களில் டூயட் பின்னணியாக வந்ததால் அதைக் காதல் சின்னம் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கும் கடல் அப்படியொன்றும் சாதுவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அந்தப் பக்கம் இருக்கும் உடைந்த பாலத்துக்கு மட்டும் போக வேண்டாம். சினிமாவில் அழகாக இருக்கும். நேரில் ஆளரவமற்ற, வெளிச்சமில்லாத, பாதுகாப்பில்லாத இடம்.

இரண்டாம் நாள்: இசிஆர்

மாமல்லபுரமும் தட்சிணசித்ராவும் ஒரே சாலையில் இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பார்கள். முடியும், ஆனால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

1996ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணை, கேரள மர வீடு என்று ஒவ்வொன்றிலும் உள்ளே போய் உட்காரலாம். எதிர்காலத்தில் எப்படி வீடு கட்டுவது என்ற சண்டையை இங்கே இலவசமாகப் போடலாம் (நுழைவுக் கட்டணம் தனி).

மாமல்லபுரம் சுமார் 55 கி.மீ. சீக்கிரம் கிளம்பி கடற்கரைக் கோயிலை வெயிலுக்கு முன் பார்த்துவிடுங்கள். அர்ச்சுனன் தபசுப் பாறையில் தவம் செய்யும் பூனையையும், அதைச் சுற்றி நிற்கும் எலிகளையும் யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று பந்தயம் கட்டலாம். பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கும் சிற்பம் இருக்கிறது. எனக்கு மாமல்லபுரத்திலேயே அதுதான் பிடித்தது.

ஊரைவிட்டு வெளியே போக மனமில்லை என்றால் கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்கா. ஒரு காலத்தில் காரில் உட்கார்ந்தபடியே டிஃபன் சாப்பிட்ட டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஹோட்டல் இருந்த இடம், 2010ல் பூங்காவானது. எதிரிலேயே 2024ல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா, ஜிப்லைன் விரும்பிகளுக்கு.

திருமணமாகாத ஜோடி ரூம் எடுத்தால் குற்றமா?

இல்லை. இருவரும் 18 வயது நிறைந்தவர்களாக இருந்தால், ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.

சென்னை உயர் நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கோவையில் திருமணமாகாத ஜோடி தங்கியிருந்ததைக் காரணம் காட்டி ஒரு சர்வீஸ் அப்பார்ட்மென்ட்டுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 2019 டிசம்பரில் அந்த வழக்கை விசாரித்த நீதிபதி எம்.எஸ். ரமேஷ், சேர்ந்து வாழ்வதே குற்றமில்லை என்னும்போது ஹோட்டலில் தங்குவது எப்படிக் குற்றமாகும் என்ற அடிப்படையில் சீலை அகற்ற உத்தரவிட்டார்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கு. சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக எல்லா ஹோட்டலும் ரூம் தந்துவிடாது. சில இடங்களில் மேனேஜ்மென்ட்டே மறுக்கும். 2025 ஜனவரியில் ஓயோ நிறுவனம், மீரட் நகரில் தொடங்கி, திருமணமாகாத ஜோடிகளை மறுக்கும் உரிமையைத் தன் பார்ட்னர் ஹோட்டல்களுக்குக் கொடுத்தது நினைவிருக்கலாம். அதே ஊர் முகவரி உள்ள அடையாள அட்டையை ஏற்காத ஹோட்டல்களும் உண்டு. எனவே பணம் கட்டுவதற்கு முன் ஹோட்டலுக்கே போன் போட்டு இரண்டையும் கேட்டுவிடுங்கள். இரவு 11 மணிக்கு ரிசப்ஷனில் நின்று சட்டம் பேசுவதைவிட அது மேல்.

தம்பதியாக இருந்தாலும் இருவரின் அடையாள அட்டையும் வேண்டும். பான் கார்டில் முகவரி இல்லாததால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். ஆதார் என்றால் முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட நகலைக் கொடுக்கலாம். தாலி, மெட்டி, கல்யாண போட்டோ காட்டச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

பீச்சில் உட்கார்ந்திருந்தால் போலீஸ் கேட்கலாமா?

பொது இடத்தில் பிறருக்கு இடையூறாக ஆபாசமாக நடந்துகொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 296ஆவது பிரிவின்படி குற்றம். 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அருகருகே உட்காருவதும், கைபிடித்து நடப்பதும் அதில் வராது. இரவு நேரமானதும் கடற்கரையிலிருந்து எல்லோரையும் கிளம்பச் சொல்வார்கள்; அது உங்களுக்கு மட்டுமில்லை, குடும்பத்தோடு வந்தவர்களுக்கும்தான். அதில் வாக்குவாதம் வேண்டாம்.

குஜராத்தில் பைக்கில் போன ஜோடியை நிறுத்தி மிரட்டிய சிஐஎஸ்எஃப் காவலரின் பணிநீக்கத்தை 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. காவலர்கள் ஒழுக்கக் காவலர்களாக மாற வேண்டியதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

யாராவது வீடியோ எடுத்து, "வீட்டுக்குச் சொல்லிடுவேன்" என்று பணம் கேட்டால் அது மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம். பயந்து ஜிபே பண்ணாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். வெளிச்சமான, ஆள் நடமாட்டம் உள்ள பக்கம் நகர்ந்து 112க்கு அழையுங்கள். பெண்கள் 181க்கும் பேசலாம்.

திரும்பும் பஸ் கிளாம்பாக்கத்திலிருந்து இரவு 10 மணிக்கு என்றால், பெசன்ட் நகரிலிருந்து ஏழரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏழுக்கு.