போர்விமானக் கொடை

போரில் சிக்கிய நாட்டுக்கு இன்னொரு நாடு தன் போர்விமானங்களைத் தானமாகவோ இரவலாகவோ கொடுப்பது. அறிவிப்பு ஒரே நாளில் வந்துவிடும். அந்த விமானம் களத்தில் பறக்க மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். விமானி, பழுதுபார்க்கும் ஆட்கள், உதிரிபாகம், ஏவுகணை எல்லாம் கூடவே போக வேண்டும். செய்து விற்ற நாட்டின் சம்மதமும் தேவை. அதைக் கேட்காமல் மூன்றாம் நாட்டுக்குக் கைமாற்ற விற்பனை ஒப்பந்தங்கள் பொதுவாக இடம் தருவதில்லை.

தெற்காசியாவின் முக்கிய எடுத்துக்காட்டு 1971 டிசம்பரில் நடந்த இந்தியா-பாகிஸ்தான் போர். பாகிஸ்தானுக்கு ஜோர்டான் சுமார் 10 எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர்களை அனுப்பியது. அவை அமெரிக்கா கொடுத்தவை. பாகிஸ்தானுக்கு நேரடியாக ஆயுதம் தர அமெரிக்காவே தடை விதித்திருந்ததால், ஜோர்டான் வழியாகத் தருவதும் சட்டவிரோதம் என்று அமெரிக்க அதிகாரிகள் எச்சரித்தார்கள். அதிபர் நிக்சனும் அவருடைய ஆலோசகர் கிசிங்கரும் அதைத் தெரிந்துகொண்டே ரகசியமாகப் பச்சைக்கொடி காட்டியதைப் பின்னாளில் வெளியான வெள்ளை மாளிகை ஆவணங்கள் சொல்கின்றன. பாகிஸ்தான் விமானிகள் 1960களின் தொடக்கத்திலிருந்தே அந்த ரகத்தை ஓட்டியவர்கள். அதனால்தான் வந்தவுடன் ஏறிப் பறக்க முடிந்தது. ஆனாலும் காலம் கடந்துவிட்டது: டிசம்பர் 16இல் கிழக்குப் பாகிஸ்தானின் டாக்கா வீழ்ந்தது, மறுநாள் மேற்கு முனையிலும் சண்டை நின்றது.

பழைய விமானத்தைக் கைமாற்றுவது அமைதிக் காலத்திலேயே எவ்வளவு இழுக்கும் என்பதற்குப் புனேயே சாட்சி. அந்நகரின் மகர்பட்டா பகுதிவாசிகளுக்குப் பழகிப்போன சுகோய் போர்விமான இரைச்சல் வருவது சில கிலோமீட்டர் வடக்கே உள்ள லோஹேகாவ் விமானப்படைத் தளத்திலிருந்து. 1997இல் அங்கே சேர்க்கப்பட்ட சு-30கே ரகத்தில் இந்தியா வாங்கியவை 18. அதைவிட மேம்பட்ட சு-30எம்கேஐ வந்தபின் அவை ரஷ்யாவுக்குத் திரும்பி, 2011இல் பெலாரஸின் பரனோவிச்சி பழுதுபார்ப்பு ஆலைக்குப் போயின. அவற்றில் 12ஐ அங்கோலா வாங்கியது. முதல் விமானங்கள் போய்ச்சேர்ந்தது 2017இல்தான். இத்தனைக்கும் அது காசு கொடுத்து வாங்கிய நாடு, அவசரமும் இல்லை.

இந்தியாவே கொடையாளியானது ஆப்கானிஸ்தானில். அதிபர் கர்சாய் 2013இல் தில்லியிடம் ஆயுதப் பட்டியல் கொடுத்தபோது இந்தியா தயங்கியது. 2015 டிசம்பரில் 3 எம்ஐ-25 தாக்குதல் ஹெலிகாப்டர்களும் 2016இல் நான்காவதும் காபூல் சென்றன. சோவியத் காலத்திலிருந்தே ஆப்கன் விமானிகளுக்குப் பழக்கமான ரகம் என்பதால் தேர்வு சரியானதே. சிக்கல் உதிரிபாகத்தில் வந்தது. ஆப்கன் விமானப்படையின் செலவை ஏற்றது அமெரிக்கா; கிரிமியாவை இணைத்துக்கொண்டதற்காக ரஷ்யா மீது தடை விதித்ததும் அமெரிக்காதான். பாகங்கள் ரஷ்யாவிலிருந்து வர வேண்டும். கடைசியில் இந்தியா தன் பணத்தில் பெலாரஸிலிருந்து மேலும் 4 ஹெலிகாப்டர்கள் வாங்கி 2019இல் கொடுத்தது. 2021 ஆகஸ்டில் குந்தூஸ் விமான நிலையம் தாலிபான் கைக்குப் போனபோது வெளியான படங்களில் அந்த ரக ஹெலிகாப்டர் ஒன்று நிற்கிறது, மேலே சுழலும் இறக்கைகள் கழற்றப்பட்ட நிலையில்.

உக்ரைனில் இந்த வரலாறு இன்னும் பெரிய அளவில் நடந்தது. 2022 மார்ச்சில் தன் மிக்-29களை அமெரிக்காவிடம் ஒப்படைத்து அதன் வழியாக அனுப்பப் போலந்து முன்வந்தது. போர் விரிவடையும் என்று அமெரிக்கா மறுத்தது. ஓராண்டு கழித்துப் போலந்தும் சுலோவாக்கியாவும் நேரடியாகவே கொடுத்தன. சுலோவாக்கியா தந்த 13இல் சில பறக்கும் நிலையில் இல்லை, பாகங்களுக்கு மட்டுமே பயன்பட்டன.

அடுத்து உக்ரைனுக்கு வந்த அமெரிக்க எஃப்-16 வேறு ரகம். மிக்-29 தரையில் ஓடும்போது அதன் காற்றுவாயைக் கதவு மூடிக்கொள்ளும், இறக்கைக்கு மேலுள்ள துவாரங்கள் வழியாக இன்ஜின் மூச்சு வாங்கும். கரடுமுரடான ஓடுபாதைக்கென்றே சோவியத் பொறியாளர்கள் செய்த ஏற்பாடு அது. எஃப்-16இன் காற்றுவாயோ வயிற்றுக்கடியில், தரைக்கு அருகே, எப்போதும் திறந்திருக்கிறது. கிடக்கும் ஒரு சிறு கல் போதும், இன்ஜின் பாழாகிவிடும். குண்டு விழுந்த ஓடுபாதைகளைக் கூட்டித் துடைத்து வைப்பதே அங்கே ஒரு போர்ப்பணி. இவற்றோடு விமானிகள் ஆங்கிலமும் கற்க வேண்டியிருந்தது. நெதர்லாந்தும் டென்மார்க்கும் 2023 ஆகஸ்டில் தருவதாக உறுதியளித்த விமானங்களை அதிபர் செலென்ஸ்கி மக்களுக்குக் காட்டியது 2024 ஆகஸ்ட் 4இல். அதே மாதம் 26ஆம் தேதி, ரஷ்ய ஏவுகணைத் தாக்குதலை எதிர்கொண்டபோது ஒரு எஃப்-16 விழுந்தது, விமானியும் மாண்டார்.