இன்வெர்ட்டருக்கு ஏன் மூணு கட்ட சார்ஜிங்? பேட்டரி ரூம் ஆளிலிருந்து ஐசி வரை

இன்வெர்ட்டர் வாங்கப் போனா, பெட்டி மேல '3 ஸ்டேஜ் சார்ஜிங்'னு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஏதோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி கடைக்காரரும் சொல்வார். உண்மையில இதை நூறு வருஷத்துக்கு முன்னாடியே மனுஷங்க கையால செஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

1859-ல பிரான்ஸ்ல கஸ்தோன் பிளாந்தே ரெண்டு ஈயத் தகட்டைச் சுருட்டி கந்தக அமிலத்துல வச்சார். திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ணக்கூடிய முதல் பேட்டரி அதுதான். வேடிக்கை என்னன்னா, அதை சார்ஜ் பண்ண அவருக்கு வேற பேட்டரிகள் தேவைப்பட்டுச்சு. 1881-ல கமில் ஃபோர் தகடு மேல ஈய ஆக்சைடைப் பசை மாதிரி பூசினார், கொள்ளளவு கூடிச்சு. அந்த வருஷம் மே மாசம் பாரிஸ்ல சார்ஜ் பண்ணின ஃபோர் பேட்டரிகளை ஒரு பெட்டியில வச்சு கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோனாங்க. வாங்கிப் பரிசோதிச்சவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. மின்சாரத்தைப் பெட்டியில போட்டு ஊர் விட்டு ஊர் அனுப்பலாம்ங்கிறது அன்னிக்குப் பெரிய செய்தி.

அதுக்கப்புறம் டைனமோ பரவலாச்சு. மின் நிலையங்கள்லயும் பணக்கார வீடுகள்லயும் தனியா பேட்டரி ரூம் வந்துச்சு, அதைப் பார்த்துக்க ஒரு ஆளும் வந்தார். அவர்கிட்ட ஹைட்ரோமீட்டர், வோல்ட்மீட்டர், கரண்ட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெசிஸ்டன்ஸ். முதல்ல நிறைய கரண்ட் விடுவார். செல்லுக்குள்ள குமிழி கிளம்ப ஆரம்பிச்சதும் குறைப்பார். அமிலத்தோட அடர்த்தி இதுக்கு மேல ஏறலன்னு ஹைட்ரோமீட்டர் காட்டினதும் நிறுத்துவார்.

ஏன் குறைக்கணும்? குழாயடியில குடம் பிடிக்கிறவங்களுக்கு இது தெரியும். கழுத்து வரைக்கும் வேகமா விடலாம், அதுக்கு மேல குழாயை மூடிக்கிட்டே வரணும். பேட்டரியில இந்தக் கழுத்து ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2.4 வோல்ட். ஆறு செல் இருக்கிற 12 வோல்ட் பேட்டரின்னா 14.4. அங்க வந்தப்புறமும் அதே கரண்ட்டைத் தள்ளினா, மாத்துறதுக்கு லெட் சல்பேட் போதாது. மிச்சக் கரண்ட் தண்ணியை ஹைட்ரஜனாவும் ஆக்சிஜனாவும் பிரிக்கும். தண்ணி வத்தும், தகட்டுப் பசை உதிரும், காத்தோட்டம் இல்லாத ரூம்ல தீப்பொறி பட்டா வெடிக்கும். பயந்து சீக்கிரமே நிறுத்தினாலும் தப்பு. மிச்சமிருக்கிற சல்பேட் இறுகிப்போய், அப்புறம் கரையவே கரையாது.

இன்னிக்கு பல்க், அப்சார்ப்ஷன்னு சொல்ற முதல் ரெண்டு கட்டமும் அந்த ஆளோட வேலைதான். பல்க்ல கரண்ட் நிலையா இருக்கும், வோல்ட் ஏறும். அப்சார்ப்ஷன்ல வோல்ட்டை 14.4-ல பிடிச்சு வச்சா கரண்ட் தானா இறங்கும்.

மூணாவது கட்டமான ஃப்ளோட், டெலிபோன் எக்ஸ்சேஞ்சோட பழக்கம். அங்க 24 செல் சேர்ந்த 48 வோல்ட் பேட்டரி வருஷக்கணக்கா நிறைஞ்சே நிக்கணும். அதனால ரெக்டிஃபையரோட பக்கவாட்டுல இணைச்சு, செல்லுக்கு 2.2 வோல்ட் அளவுல மிதக்க விட்டாங்க. தானா கசியிற சார்ஜை மட்டும் அது ஈடுகட்டும்.

1980கள்ல யூனிட்ரோட் நிறுவனத்தோட யூசி3906 மாதிரி ஐசிக்கள் இந்த மூணு கட்டத்தையும் ஒரே சில்லுக்குள்ள கொண்டுவந்துச்சு. இப்ப வீட்டு இன்வெர்ட்டர்ல மைக்ரோகன்ட்ரோலர் அதைச் செய்யுது. டிரான்ஸ்ஃபார்மர் வச்ச பல இன்வெர்ட்டர்கள்ல, கரண்ட் போனா 12 வோல்ட்டை 230 ஆக்குற அதே டிரான்ஸ்ஃபார்மர்தான், கரண்ட் வந்ததும் எதிர்த்திசையில வேலை செஞ்சு சார்ஜ் பண்ணுது.

ஆனா இதெல்லாம் மெயின்ஸ் கரண்ட் நிறைய நேரம் இருக்கும்னு நம்பி உருவான முறை. 2012 தமிழ்நாட்டை யோசிச்சுப் பாருங்க. சென்னைக்கு ரெண்டு மணி நேர கட், மாவட்டங்கள்ல ஒரு மணி விட்டு ஒரு மணி. 150 ஆம்பியர்-அவர் பேட்டரி பாதி காலியாகி, 10 ஆம்பியர்ல ஏறுதுன்னு வைங்க, கழுத்துக்கு வரவே ஆறேழு மணி நேரம் ஆகும். அப்சார்ப்ஷனுக்கு இன்னும் சில மணி நேரம். அந்த ரெண்டாவது கட்டத்தை அன்னிக்குப் பல வீட்டு பேட்டரிகள் பார்த்ததே இல்ல. சல்பேட் இறுகி ரெண்டே வருஷத்துல போன பேட்டரிக்கு, கம்பெனி சரியில்லன்னு திட்டு விழுந்துச்சு.

இப்ப நிலைமை தலைகீழ். கட் குறைஞ்சதால பேட்டரி வருஷம் முழுக்க ஃப்ளோட்லயே கிடக்குது. 13.5-லிருந்து 13.8 வோல்ட்ங்கிற அந்தக் கணக்கு 25 டிகிரிக்கானது. சூடு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் செல்லுக்கு மூணு, நாலு மில்லிவோல்ட் குறைக்கணும். மே மாசம் மாடிப்படிக்குக் கீழ 40 டிகிரின்னா, மொத்தத்துல 0.3 வோல்ட் அளவுக்குக் குறையணும். விலை குறைஞ்ச இன்வெர்ட்டர்கள்ல பேட்டரியோட சூட்டைப் பார்க்க சென்சாரே இருக்காது. அதனாலதான் கட்டே இல்லாத வீட்டுலயும் டிஸ்டில்டு வாட்டர் கேன் காலியாகுது.